நடுவழியில் வண்டி நின்றால்: புதிய ஏ.எல்.பி.க்கும் கார்டுக்கும்

உதவி லோகோ பைலட்டாகவோ (ஏ.எல்.பி.) டிரெயின் மேனேஜராகவோ புதிதாகப் பொறுப்பேற்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். 2022 ஜனவரியில் கார்டு என்ற பதவிப் பெயரை டிரெயின் மேனேஜர் என்று மாற்றினார்கள். லைனில் இன்னும் எல்லோரும் கார்டு என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

பயிற்சிப் பள்ளியில் ஜெனரல் ரூல்ஸ் முழுவதும் படித்திருப்பீர்கள், தேர்வும் எழுதியிருப்பீர்கள். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு, இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே, வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றுவிட்டால், படித்த அத்தனை விதிகளும் ஒரே நேரத்தில் மண்டைக்குள் வந்து நிற்கும். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற வரிசை கைவசம் இருந்தால்தான் அந்த நேரத்தில் கை கால் ஓடும்.

நின்ற வண்டிக்கு ஆபத்து எங்கிருந்து வரும்?

புதியவர்கள் பெரும்பாலும் நடந்து முடிந்ததைத்தான் பார்க்கிறார்கள்: தடம் புரண்ட பெட்டி, அறுந்த ஹோஸ் பைப் (பெட்டிகளுக்கு நடுவே பிரேக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்), அலறுகிற பயணிகள். அனுபவப்பட்டவர்கள் இனி வரப்போகும் வண்டியைத்தான் முதலில் நினைப்பார்கள்.

1995 ஆகஸ்ட் 20 அன்று உத்தரப் பிரதேசத்தில் ஃபிரோசாபாத் அருகே காளிந்தி எக்ஸ்பிரஸ் ஒரு நீலான் மாட்டின் மீது மோதியது. அதில் பிரேக் பழுதாகி வண்டி நகர முடியாமல் நின்றது. அதே லைனில் பின்னால் வந்த புருஷோத்தம் எக்ஸ்பிரஸுக்குத் தவறாக வழி கொடுக்கப்பட, அது முழு வேகத்தில் வந்து மோதியது. முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மாடு மோதியதில் ஒரு பயணிக்கும் உயிர் போகவில்லை.

1998 நவம்பர் 26 விடியற்காலை, பஞ்சாபில் கன்னா அருகே தண்டவாளம் உடைந்து ஃபிரான்டியர் கோல்டன் டெம்பிள் மெயிலின் பின்பெட்டிகள் கழன்று தடம் புரண்டு பக்கத்து லைனில் சாய்ந்தன. அந்த லைனில் எதிரே வந்த ஜம்மு தாவி – சியால்டா எக்ஸ்பிரஸ் அவற்றில் மோதியது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள்.

ஒன்றில் பின்னாலிருந்து வந்தது, மற்றதில் பக்கத்து லைனில் எதிரே வந்தது. கீழே நான் சொல்லும் வரிசை முழுவதும் இந்த இரண்டு திசைகளையும் அடைப்பதற்கானது.

டூட்டி ஏறும்போதே

பையில் இருக்க வேண்டியவற்றை ஒவ்வொரு முறையும் எண்ணிப் பாருங்கள். மூன்று நிறம் காட்டும் டார்ச், இரண்டு சிவப்புக் கொடி, ஒரு பச்சைக் கொடி, பத்து டெட்டனேட்டர் (தண்டவாளத்தில் வைத்தால் சக்கரம் ஏறும்போது வெடித்து பைலட்டை எச்சரிக்கும் சின்ன வெடி) அடங்கிய டப்பா, வாக்கி டாக்கி. கண்ணாடி போடுபவர் என்றால் இரண்டு ஜோடி கண்ணாடி. இந்த இரண்டாவது ஜோடியைப் பலர் வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறார்கள். ஜல்லியில் ஓடும்போது கண்ணாடி விழுந்து உடைந்தால் எதிரே வரும் வண்டியின் வெளிச்சம்கூட மங்கலாகத்தான் தெரியும்.

டெட்டனேட்டரின் மேல் தயாரித்த ஆண்டு பொறித்திருக்கும். டப்பாவைத் திறந்து அதைப் பாருங்கள், காலாவதியானதை மாற்றி வாங்குங்கள். கார்டாக இருந்தால் பிரேக் வேனில் (கார்டு இருக்கும் பெட்டி) முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், மரக்கட்டை, போர்ட்டபிள் போன் ஆகியவை சீல் கலையாமல் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புறப்படும் முன் வாக்கி டாக்கியில் ஒருவரோடு ஒருவர் பேசிப் பார்ப்பது கட்டாயம். பேட்டரி தீர்ந்த வாக்கி டாக்கியோடு கிளம்பியதை நடுக்காட்டில் போய்த் தெரிந்துகொள்ளக் கூடாது.

வண்டி நின்ற முதல் நிமிடம்

ஓடிக்கொண்டிருக்கும்போது பிரேக் பைப் பிரஷர் 5 கிலோவில் இருக்கும். அது திடீரென்று விழுந்தால் நான்கில் ஒன்று நடந்திருக்கும்: யாரோ சங்கிலி இழுத்திருக்கலாம், ஹோஸ் பைப் கழன்றிருக்கலாம், வண்டி பிரிந்திருக்கலாம் அல்லது தடம் புரண்டிருக்கலாம். எது என்று கண்டுபிடிக்கும் வரை மோசமானதையே நினைத்துக்கொள்ளுங்கள்.

லோகோ பைலட் செய்ய வேண்டியது: முதலில் பிளாஷர் லைட். எஞ்சின் முகப்பில் மஞ்சளாக விட்டு விட்டு எரியும் இந்த விளக்குதான் எதிரே வருகிறவருக்கு முதலில் தெரியும். சில எஞ்சின்களில் பிரஷர் விழுந்ததும் தானாகவே எரியத் தொடங்கும். அதை நம்பி உட்காராமல், எரிகிறதா என்று ஏ.எல்.பி. உறுதி செய்ய வேண்டும். பிளாஷர் வேலை செய்யவில்லை என்றால் ஹெட்லைட்டை அணைத்து அணைத்து எரியவிடுங்கள். அடுத்து, வண்டி மேற்கொண்டு போக முடியாது என்றால் நான்கு குறுகிய விசில். கார்டுக்கு அதன் பொருள் தெரியும். எதிரே வண்டி வருவது கண்ணில் பட்டுவிட்டால் கணக்கு எதுவும் வேண்டாம், குறுகிய விசிலை அடித்துக்கொண்டே இருங்கள்.

அதே நேரத்தில் வாக்கி டாக்கியில் ஸ்டேஷன் மாஸ்டரை, கார்டை, பக்கத்தில் ஓடும் வண்டிகளின் பைலட்டுகளைக் கூப்பிடுங்கள். ஏன் இதற்கு இவ்வளவு அவசரம்? 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நிமிடத்தில் 1.8 கிலோமீட்டர் கடக்கும். டெட்டனேட்டர் வைக்க 1200 மீட்டர் போக வேண்டும்; இருட்டில், ஜல்லியின் மேல் அவ்வளவு தூரம் போக ஒரு மனிதருக்குப் பத்து நிமிடமாவது ஆகும். அந்தப் பத்து நிமிடத்தில் எதிரே வருகிற வண்டி 18 கிலோமீட்டர் வந்துவிடும். அதாவது பெரும்பாலும் அடுத்த ஸ்டேஷனையும் தாண்டி. எனவே விளக்கும் ரேடியோவும் முந்த வேண்டும், கால் அதற்குப் பின்னால் ஓட வேண்டும். இரண்டில் ஒன்று போதும் என்று மட்டும் நினைக்காதீர்கள். ரேடியோ எட்டாத மேடு பள்ளங்கள் நம் எல்லா செக்‌ஷன்களிலும் இருக்கின்றன. கவச் கருவி (வண்டிகள் மோதாமல் தடுக்கும் தானியங்கி அமைப்பு) பொருத்திய பகுதியில் ஓட்டுகிறீர்கள் என்றால் அதிலுள்ள எஸ்.ஓ.எஸ். பொத்தானையும் அழுத்துங்கள்.

சொல்லும்போது சுருக்கமாகச் சொல்லுங்கள்: வண்டி எண், எந்த லைன், கிலோமீட்டரும் மாஸ்ட் (லைன் ஓர மின்கம்பம்) எண்ணும், பக்கத்து லைன் அடைபட்டிருக்கிறதா இல்லையா. முதல் செய்திக்கு இவ்வளவு போதும். காயம்பட்டவர் எத்தனை பேர், கிரேன் வேண்டுமா என்பதெல்லாம் இரண்டாவது செய்தியில் போகட்டும். பக்கத்து லைனைப் பற்றி உங்களுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை என்றால், அடைபட்டிருக்கிறது என்றே சொல்லுங்கள். பிறகு பார்த்துவிட்டுத் திருத்திக்கொள்ளலாம். பத்து வண்டி தாமதமானால் அதற்கு விளக்கம் எழுதிக் கொடுத்துவிடலாம்.

எந்தப் பக்கம் ஓடுவது?

இங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். இரட்டை லைனில் பக்கத்து லைனில் வரும் வண்டி உங்களுக்கு எதிர்த் திசையிலிருந்து வரும். எனவே பக்கத்து லைனைக் காப்பாற்ற ஏ.எல்.பி. முன்னோக்கி ஓட வேண்டும். உங்கள் லைனில் வரும் வண்டி பின்னாலிருந்து வரும், அதற்குக் கார்டு பின்னோக்கிப் போவார். ஒற்றை லைனில் முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் பாதுகாக்க வேண்டும். சென்னையைச் சுற்றி மூன்று, நான்கு லைன்கள் ஓடும் இடங்களில் பக்கத்து லைனில் பின்னாலிருந்தும் வண்டி வரலாம் என்பதால், டூட்டி ஏறும் முன்பே எந்த லைனில் எந்தத் திசை என்று மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பக்கத்து லைன் அடைபட்டிருந்தால் அதைப் பாதுகாப்பதுதான் முதல் வேலை, உங்கள் லைன் அப்புறம்.

இறங்கும்போது பக்கத்து லைன் இல்லாத பக்கமாக இறங்குங்கள். பெட்டி பெட்டியாக டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டு நிற்க நேரமில்லை. ஓடும்போதே சிவப்புக் கொடியையோ சிவப்பு விளக்கையோ எதிரே தெரியும்படி பிடித்துக்கொண்டு ஓடுங்கள். கொடி கையில் இல்லையென்றால் பகலில் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்குவதே அபாய சிக்னல். ராத்திரியில் சிவப்பு விளக்கு இல்லையென்றால் வெள்ளை விளக்கை வேகமாக வீசி ஆட்டுவதும் அதே சிக்னல்தான்.

டெட்டனேட்டர் வைக்கும் முறை

பிராட்கேஜில் 600 மீட்டரில் ஒன்று, 1200 மீட்டரில் மூன்று. அந்த மூன்றும் ஒன்றுக்கொன்று பத்து மீட்டர் இடைவெளியில். ஆட்டோமேட்டிக் சிக்னல் பகுதியில், உதாரணமாக சென்னை கடற்கரை – தாம்பரம் லைனில், உங்கள் லைனில் பின்னால் வரும் வண்டிக்கு 90 மீட்டரில் ஒன்றும் 180 மீட்டரில் இரண்டும் போதும். அங்கே உங்களுக்குப் பின்னாலிருக்கும் சிக்னலே சிவப்பில் நிற்கும். அதைத் தாண்டி வருகிறவர் ஊர்ந்துதான் வருவார்.

இந்தத் தூரத்தை இருட்டில் எப்படி அளப்பது? மின்கம்பங்களைப் பாருங்கள். ஒவ்வொரு மாஸ்ட்டிலும் கிலோமீட்டர் எண்ணும் அதற்குக் கீழே மாஸ்ட் எண்ணும் இருக்கும். எஞ்சின் 245-ஆம் கிலோமீட்டரின் நடுவில் நிற்கிறது என்றால், 246-இல் அதே எண்ணுள்ள மாஸ்ட் ஏறக்குறைய ஆயிரம் மீட்டரில் வரும். அதற்கு மேல் அதே வரிசையில் நான்கு மாஸ்ட் போனால் 1200-ஐத் தாண்டிவிடுவீர்கள். வளைவில் மாஸ்ட்கள் நெருக்கமாக நட்டிருப்பார்கள், அங்கே இன்னும் இரண்டு கூடுதலாகப் போங்கள். பத்து மீட்டர் இடைவெளிக்கு ஸ்லீப்பரை எண்ணுவது சுலபம். மெயின் லைனில் ஸ்லீப்பர்கள் பொதுவாக 60 செ.மீ. இடைவெளியில் இருக்கும், பதினேழு ஸ்லீப்பர் போனால் பத்து மீட்டர்.

டெட்டனேட்டர் என்பது தட்டையான, வட்டமான ஒரு சின்ன டப்பா. இரண்டு பக்கமும் வளையக்கூடிய உலோகப் பட்டை நீட்டிக்கொண்டிருக்கும். எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி தண்டவாளத்தின் தலைமேல் நடுவாக வைத்து, பட்டைகளைத் தலைக்கு அடியில் மடக்கி இறுக்குங்கள். தளர்வாக இருந்தால் வண்டி வரும் அதிர்விலேயே விழுந்துவிடும். வைத்ததும் விலகி நில்லுங்கள், வெடிக்கும்போது தகரத் துண்டு தெறிக்கும்.

நீங்கள் 1200 மீட்டர் போய்ச் சேரும் முன்பே எதிரே வெளிச்சம் தெரிந்தால்? நிற்கும் இடத்திலேயே ஒன்றை வைத்துவிட்டு, தண்டவாளத்தை விட்டு விலகி, சிவப்பு விளக்கை ஆட்டிக்கொண்டே அந்த வெளிச்சத்தை நோக்கி ஓடுங்கள். பாதித் தூரத்தில் வைத்த டெட்டனேட்டரும் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். அந்தக் கொஞ்சம் எத்தனை உயிர் என்று யாருக்குத் தெரியும்.

வைத்து முடித்த பிறகு அங்கேயே சிவப்புக் காட்டிக்கொண்டு நில்லுங்கள், கூப்பிடும் வரை. திரும்பி வரச் சொல்லி விசில் வந்தால், வெளியே இருக்கும் மூன்றையும் அப்படியே விட்டுவிட்டு, நடுவிலிருக்கும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வர வேண்டும். எடுக்காமல் விட்ட மூன்றும் நீங்கள் அங்கே இல்லாத நேரத்திலும் உங்கள் வண்டிக்குக் காவல்.

ஓடும்போது பெட்டிக்குள்ளிருந்து ஆட்கள் கூப்பிடுவார்கள். கை பிடித்து இழுப்பார்கள், அழுவார்கள். அவர்களைத் தாண்டிப் போவது லேசான காரியம் இல்லை. அப்படிப் போகிறவரைக் கல்நெஞ்சக்காரர் என்று யாராவது சொல்லக்கூடும். ஆனால் அடிபட்டவரைத் தூக்கிவிட ரயிலில் இன்னும் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அடுத்த வண்டியை நிறுத்தத் தெரிந்தவர்கள் நீங்கள் மூன்று பேர்தான். போகிற போக்கில் டி.டி.இ.யிடமோ, தெளிவாக இருக்கும் ஒரு பயணியிடமோ, "அடிபட்டவங்களைப் பாருங்க, யாரையும் அந்தப் பக்கம் இறங்க விடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடுங்கள்.

பயணிகள்

அந்தக் கடைசி வரியை விளக்கிச் சொல்ல வேண்டும். 2025 ஜனவரி 22 அன்று மகாராஷ்டிராவின் ஜல்கான் அருகே, தீப்பிடித்துவிட்டது என்ற வதந்தியில் புஷ்பக் எக்ஸ்பிரஸில் சங்கிலி இழுத்துப் பயணிகள் பக்கத்து லைனில் இறங்கினார்கள். அந்த லைனில் வந்த கர்நாடகா எக்ஸ்பிரஸ் அவர்கள் மீது ஏறியது. பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வண்டியில் தீயே இல்லை. எனவே சாதாரணமாகச் சங்கிலி இழுத்து நின்ற வண்டி என்றாலும், அந்த நிமிடமே பக்கத்து லைனைப் பாருங்கள். ஆட்கள் இறங்கியிருந்தால் அதுவும் அடைபட்ட லைன்தான். பிளாஷர் போடுங்கள், ஸ்டேஷனுக்குச் சொல்லுங்கள்.

தீ

உண்மையாகவே தீ என்றால் வண்டியை உடனே நிறுத்த வேண்டும், ஆனால் பாலத்தின் மேலோ சுரங்கத்துக்குள்ளோ நிறுத்தக் கூடாது. மக்கள் இறங்க இடம் இருக்க வேண்டும். எரியும் பெட்டியிலிருப்பவர்களை முதலில் வெஸ்டிபியூல் (பெட்டிகளை இணைக்கும் நடைவழி) வழியாகப் பக்கத்துப் பெட்டிகளுக்கு அனுப்புங்கள், மூட்டை முடிச்சை எடுக்க விடாதீர்கள். பிறகு எரியும் பெட்டியை முன்னும் பின்னும் கழற்றி, மற்றப் பெட்டிகளிலிருந்து குறைந்தது 45 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். தனியாக விடும் ஒவ்வொரு பகுதிக்கும் ஹேண்ட் பிரேக்கும் மரக்கட்டையும் போடாமல் கழற்றாதீர்கள். சரிவில் உருண்டுபோன பெட்டி தீயைவிடப் பெரிய தலைவலி.

மேலே 25,000 வோல்ட் கம்பி போகிறது. மின்சாரம் நிறுத்தப்பட்டது என்று டிராக்‌ஷன் பவர் கன்ட்ரோலரிடமிருந்து உறுதியாகச் சொல் வரும் வரை தண்ணீர் பீய்ச்சக் கூடாது, கூரை மேல் யாரும் ஏறக் கூடாது. அறுந்து தொங்கும் கம்பி செத்துப்போனது போலத் தெரிந்தாலும் உயிரோடு இருப்பதாகவே நடந்துகொள்ளுங்கள். கம்பிக்கு இரண்டு மீட்டருக்குள் உடம்போ, கையிலிருக்கும் கம்போ, குடையோ போகக் கூடாது. உதவிக்கு ஓடி வரும் ஊர்க்காரர்களுக்கு இது தெரியாது. அவர்களைத் தடுத்து நிறுத்த ஒருவரை நிறுத்தி வையுங்கள்.

வண்டி பிரிந்தால்

ஏர் பிரேக் வண்டியில் கப்ளிங் (பெட்டிகளை இணைக்கும் கொக்கி) அறுந்தால் ஹோஸ் பைப்பும் அறுந்து இரண்டு பகுதியிலும் பிரேக் பிடிக்கும். பின்பகுதி தானாக நின்றுவிட்டது என்று கார்டு சும்மா இருக்கக் கூடாது. நேரம் ஆக ஆகப் பெட்டிகளில் காற்று கசிந்து பிரேக் இளகும், சரிவான இடத்தில் அது நகரத் தொடங்கிவிடும். ஹேண்ட் பிரேக்கை முழுதாகச் சுற்றுங்கள், சக்கரத்துக்கு மரக்கட்டை வையுங்கள், பிறகு பின்பக்கம் பாதுகாக்கப் போங்கள். முன்பகுதியை மட்டும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தால் கார்டின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் எஞ்சின் நகரக் கூடாது.

எஞ்சின் பழுது

உதவி எஞ்சின் கேட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடத்தில் ஏ.எல்.பி. பழுதைச் சரி செய்துவிட்டார், எஞ்சின் ஓடுகிறது. ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் நகரக் கூடாது. உதவி எஞ்சின் பைலட்டுக்கு நீங்கள் நிற்கும் கிலோமீட்டரைச் சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள், அதை நம்பித்தான் அவர் வருகிறார். ஸ்டேஷன் மாஸ்டரிடமிருந்து முறையான மறு உத்தரவு வரும் வரை நின்ற இடத்திலேயே நில்லுங்கள்.

போன் வேலை செய்யாத இடம்

மொபைலும் வாக்கி டாக்கியும் எட்டாத செக்‌ஷனில், லைன் ஓரமாக ஏறக்குறைய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அவசர போன் சாக்கெட் வைத்திருப்பார்கள். மாஸ்ட்களில் வரைந்திருக்கும் அம்புக்குறி பக்கத்திலிருக்கும் சாக்கெட் எந்தப் பக்கம் என்று காட்டும். போர்ட்டபிள் போனை அதில் செருகினால் நேராகக் கன்ட்ரோல், அதாவது வண்டிகளைக் கவனிக்கும் கட்டுப்பாட்டு அறை. இதை முதன்முதலாக விபத்து நாளில் செய்து பார்க்காதீர்கள். லைன் பழகப் போகும் நாட்களிலேயே ஒருமுறை கன்ட்ரோலிடம் சொல்லிவிட்டுச் செருகிப் பேசிப் பாருங்கள்.

தண்ணீர்

நம் பக்கத்தில் வெள்ளத்தைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் சேதமாகி, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியிலிருந்து விலகியது அதை அடுத்துத்தான். 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகியபோது திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய வண்டி ஸ்ரீவைகுண்டத்திலேயே நிறுத்திவைக்கப்பட்டது. அதற்கு அப்பால் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியும் மண்ணும் அடித்துப் போயிருந்தன. ஏறக்குறைய எண்ணூறு பயணிகள் இரண்டு ராத்திரி அங்கே மாட்டிக்கொண்டார்கள், எல்லோரும் உயிரோடு வீடு திரும்பினார்கள்.

மழைக்காலத்தில் தண்ணீர் தண்டவாளத்தின் தலைக்கு மேல் போகிறது என்றாலோ, பாலத்தில் வரைந்திருக்கும் அபாயக் கோட்டைத் தொட்டுவிட்டது என்றாலோ, நிறுத்துங்கள். வண்டி வழக்கத்துக்கு மாறாகத் தூக்கிப் போட்டால் அந்தக் கிலோமீட்டரைக் குறித்து, கார்டுக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கும் உடனே சொல்லுங்கள், பின்னால் வரும் வண்டி அதில் வேகமாக ஏறும் முன். நேரம் போகிறது, மேலிடத்தில் கேட்பார்கள் என்ற பயத்தில் வண்டியை எடுப்பவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நிறுத்தும் அதிகாரம் உங்கள் கையில்தான் இருக்கிறது.

மீண்டும் கிளம்பும்போது

கழன்ற பைப்பை மாட்டி, பிரஷர் மீண்டும் 5 கிலோவுக்கு வந்த பிறகு, கார்டு பிரேக் வேனில் தன் கேஜைப் பார்த்து லோகோ பைலட்டிடம் சொல்ல வேண்டும். கார்டு வால்வைக் கொஞ்சம் திறந்தால் எஞ்சினில் பிரஷர் விழ வேண்டும். விழவில்லை என்றால் நடுவில் எங்கோ காக் (பைப்பை அடைக்கும் திருகு) மூடியிருக்கிறது, கண்டுபிடிக்காமல் நகராதீர்கள். கடைசிப் பெட்டியில் எல்.வி. பலகை (இதுதான் கடைசிப் பெட்டி என்று காட்டுவது) இருக்கிறதா, மரக்கட்டைகளை எல்லாம் எடுத்தாயிற்றா, ஹேண்ட் பிரேக் தளர்த்தியாயிற்றா, முன்னால் போனவரும் பின்னால் போனவரும் ஏறிவிட்டார்களா என்று பாருங்கள். கடைசியாகப் பிளாஷரை அணையுங்கள். அதை எரியவிட்டுக்கொண்டே போனால் எதிரே வரும் ஒவ்வொரு வண்டியும் நின்று கொண்டே இருக்கும்.

நின்ற நேரம், பிளாஷர் போட்ட நேரம், யாரிடம் எப்போது பேசினீர்கள், டெட்டனேட்டர் எந்த மாஸ்ட்டில் வைத்தீர்கள், எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள் என்பதை அன்றைக்கே, ரூமுக்குப் போய்ப் படுக்கும் முன், கார்டும் பைலட்டும் ஒப்பிட்டுப் பார்த்து எழுதிவிடுங்கள். மறுநாள் எழுதினால் இருவர் குறிப்பிலும் நிமிடங்கள் வேறு வேறாக இருக்கும். பயன்படுத்திய டெட்டனேட்டருக்குப் பதில் புதியதை வாங்கி டப்பாவை நிரப்பிய பிறகே அடுத்த டூட்டிக்குக் கையெழுத்துப் போடுங்கள்.